கடலுக்குள் கிணறு, வயலுக்குள் படகுத்துறை: பூம்புகாரைக் கடல் கொண்டது எப்படி?

2025-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை பூம்புகார் கடற்பகுதியில் மீண்டும் ஆழ்கடல் ஆய்வைத் தொடங்கியதும் பழைய கேள்விகள் எல்லாம் ஒன்றாகக் கரையேறின. அந்த நகரத்துக்கு வயது 2,500 ஆண்டா, 15,000 ஆண்டா? ஒரே இரவில் மூழ்கியதா? கண்ணகியின் சாபம்தான் காரணமா? கைப்பேசிகளில் சுற்றும் படங்களில் தெளிந்த நீல நீருக்கடியில் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. காவிரி முகத்துவாரத்தின் கலங்கல் நீரை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தப் படங்களை நம்ப மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்த வடசென்னையிலிருந்து தொடங்குவது பொருத்தம். திருவொற்றியூருக்கும் புகாருக்கும் கதைவழி உறவு இரண்டு உண்டு. புகாரின் கப்பல் வணிகராக இருந்து துறவியான பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. தியாகராசர் கோயிலில் உள்ள வட்டப்பாறை அம்மனைக் கண்ணகியோடு இணைத்து, மதுரையை எரித்தவளின் சினம் இங்கே தணிந்தது என்பது ஊர் வழக்கு. மூன்றாவது உறவு கதையில் இல்லை, கரையில் இருக்கிறது. கடல் ஊரைத் தின்பது எப்படி என்பதை ராயபுரம் முதல் எண்ணூர் வரை குடியிருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

1. புகார் எங்கே இருந்தது?

மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்தில், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இன்றைய பூம்புகார் இருக்கிறது. ஆறு கடலில் புகும் இடம் என்பதால் புகார். காவிரிப்பூம்பட்டினம், காகந்தி, சம்பாபதி என்பன அதன் வேறு பெயர்கள். சோழர்களின் துறைமுகமான இவ்வூரைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் தாலமி 'கபேரிஸ்' என்று குறித்திருக்கிறார். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை அதன் பண்டகசாலையையே கண்முன் விரிக்கிறது. கடல் வழியாக வந்த குதிரை, மிளகு மூட்டை, வடமலைப் பொன், மேற்குமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு என்று பட்டியல் நீள்கிறது. சரக்குக்குச் சுங்கம் வாங்கிப் புலி முத்திரை குத்தி வெளியே விட்டார்கள் என்பது வரை அதில் உண்டு.

சிலப்பதிகாரம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். பரதவர், கைவினைஞர், அயல்நாட்டு வணிகர் இருந்த பகுதி. உட்புறம் பட்டினப்பாக்கம், அரசனும் பெருவணிகரும் வாழ்ந்த பகுதி. இரண்டுக்கும் நடுவே மரநிழலில் பகற்சந்தை, நாளங்காடி. இந்த வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். கடல் உள்ளே வந்தால் முதலில் போவது மருவூர்ப்பாக்கம்தான். பட்டினப்பாக்கத்தைத் தேட வேண்டிய இடம் கடல் அல்ல, கீழையூர், மேலையூர், சாயாவனம் என்று இன்று பெயர் தாங்கி நிற்கும் ஊர்களின் நெல்வயல்கள். செய்தி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்தப் பாதி ஏறக்குறைய மறந்தே போய்விட்டது.

2. கதை என்ன சொல்கிறது?

முதலில் ஒரு தவற்றைத் திருத்தியாக வேண்டும். கண்ணகி எரித்தது மதுரையை. புகார் அழிந்ததற்கும் அவளுக்கும் காப்பியத்தில் தொடர்பே இல்லை. இரண்டு அழிவும் ஒரே மரபுக் கதையில் வருவதால் பேச்சு வழக்கில் ஒன்றாகிவிட்டன.

புகாரின் அழிவைச் சொல்வது மணிமேகலை. சோழ மன்னன் நாகநாட்டு இளவரசி பீலிவளையை விரும்புகிறான். அவளுக்குப் பிறந்த குழந்தையைக் கம்பளச்செட்டி என்ற வணிகனின் கப்பலில் அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது, குழந்தையைக் காணவில்லை. மகனைத் தேடிக் கரையெல்லாம் அலைந்த மன்னன் இந்திர விழாவை எடுக்க மறந்துவிடுகிறான். மணிமேகலா தெய்வம் சினக்கிறது. கடல் ஊரைக் கொள்கிறது.

காப்பியத்தைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு இது திடீர்த் திருப்பமாகத் தோன்றாது. இருபத்தெட்டு நாள் விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் துன்பம் செய்யும் என்ற எச்சரிக்கை முதல் காதையிலேயே வந்துவிடுகிறது. புலவர் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு, பிறகு அவிழ்க்கிறார். இது கதைக்கட்டு. நடந்ததை நாள்வாரியாக எழுதிய குறிப்பேடாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. கடலால் ஊர் இழப்புக் கண்ட நினைவு ஏதோ ஒன்று இல்லாமல் இப்படியொரு கதை ஒரு துறைமுகத்தின் மேல் வந்து உட்காராது என்பது என் கருத்து.

இன்னொரு கலவையும் நடக்கிறது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் 'கொடுங்கடல்' கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வது தெற்கே, பாண்டியர் நிலத்தைப் பற்றி. அதைப் புகாரோடு சேர்த்து, கடலடியில் ஒரு கண்டமே கிடப்பதாகப் பேசுவது இரண்டு வேறு கதைகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதாகும்.

3. 'கடல் கொண்டது' என்றால் என்ன?

தமிழில் இந்த ஒரே சொற்றொடர் குறைந்தது நான்கு வேறு நிகழ்வுகளைச் சுமக்கிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான்.

1) ஆழிப்பேரலை. சில மணி நேரத்தில் முடிவது. அலை வந்து, அடித்து, திரும்பிப் போகும். நிலம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று, பூம்புகாரும் அடங்கியிருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் ஊர்கள் கடலடிக்குப் போகவில்லை.

2) கடலரிப்பு. அலையும் நீரோட்டமும் கரை மணலை எடுத்துக்கொண்டே போவது. ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது, ஒரு தலைமுறையில் தெரு காணாமல் போயிருக்கும்.

3) நிலம் தாழ்தல். கழிமுகம் என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறும் களிமண்ணும். அது தன் பாரத்திலேயே அமுங்கும். மேலே புதிய வண்டல் விழுந்துகொண்டிருக்கும் வரை மட்டம் ஈடாகும். ஆறு கிளை மாறினாலோ நீர் குறைந்தாலோ வண்டல் வராது. நிலம் மட்டும் தாழ்ந்துகொண்டே போகும்.

4) உலகளாவிய கடல்மட்ட உயர்வு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய மட்டத்தைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருக உயர்ந்து, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய மட்டத்தை நெருங்கிவிட்டது.

சங்ககாலப் புகாருக்கு நான்காவது காரணம் பொருந்தாது. 2,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு மிக அருகில் இருந்தது. ஓரிரு மீட்டர் வித்தியாசத்தைப் பற்றிப் பேசலாம், இருபது மீட்டரைப் பற்றிப் பேச முடியாது. ஆழிப்பேரலை அடித்திருக்கலாம். அதை நிறுவ, கடல் மணல் ஒரே படலமாகப் பரவிக் கிடப்பது அகழ்குழிகளில் தெரிய வேண்டும், அதன் காலமும் பொருந்த வேண்டும். வலுவாக நிற்பவை இரண்டாவதும் மூன்றாவதும்.

4. காசிமேட்டுக்கு வடக்கே நடந்தது

கடலரிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வடசென்னையைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையைச் சாய்வாக வந்து மோதும். ஏறும்போது சாய்வாக ஏறும் நீர், இறங்கும்போது நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல்துகள் வடக்கே ஓரடி நகர்ந்திருக்கும். வாடைக்காற்று மாதங்களில் இது தெற்கு நோக்கித் திரும்பும். ஆனால் ஆண்டுக்கணக்கைக் கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்குத் திசைக்கே. கரை என்று நாம் நினைப்பது உண்மையில் மெதுவாக ஓடும் ஒரு மணல் ஆறு.

1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காக இந்த ஆற்றின் குறுக்கே கல்சுவர்கள் இறங்கின. 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்துப்போட்டது, திரும்பக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டித் தேங்கியது. கோட்டை மதில் வரை கடல் வந்துகொண்டிருந்த ஊரில், மெரினா என்ற அகன்ற மணல்வெளி இப்படித்தான் வளர்ந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ஆனால் அங்கிருந்த மணலை அலை வழக்கம்போல் எடுத்துக்கொண்டே இருந்தது. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் குப்பங்கள் பின்வாங்கின. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்று காலாற நடக்கிறவர்களின் காலடியில் இருப்பதில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல் என்று சொன்னால் மிகையாகாது.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டப்பட்ட கருங்கற்களும், 2000-களில் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட தூண்டில் வளைவுகளும் இதற்கான மருந்து. வளைவுகளுக்கு இடையே மணல் திரும்பச் சேர்ந்த இடங்களில் படகு இழுத்து வைக்க இடம் கிடைத்தது. அந்தக் கற்களின் மேல் நின்று பார்த்தால் பாடம் விளங்கும். இங்கே எவரும் இந்திர விழாவை மறக்கவில்லை. பேரலையும் தேவைப்படவில்லை. மணல் வரும் வழி அடைபட்டது, அவ்வளவுதான்.

புகாருக்கு யாரும் கல்சுவர் கட்டவில்லை. அங்கே மணலும் வண்டலும் குறைய ஆறு மனம் மாறினால் போதும். காவிரியின் வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ள, புகாரில் கலக்கும் கிளை மெலிந்தது. இன்று அந்தச் சங்கமத்தைப் பார்ப்பவர்கள், பெருங்கப்பல் புகுந்த துறை இதுவா என்று வியப்பார்கள். வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, கரை ஆண்டுக்கு ஒரே ஒரு மீட்டர் உள்வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டில் ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு மருவூர்ப்பாக்கத்துக்கு அது போதும்.

5. அழிந்ததாகச் சொன்ன பிறகும் இருந்த ஊர்

ஒரே இரவில் அழிந்தது என்பதற்கு எதிரான பெரிய சான்று கடலில் இல்லை, நூல்களில் இருக்கிறது.

1) கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பௌத்த ஆசிரியர் புத்ததத்தர், காவிரிப்பட்டினத்தில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். செல்வர்களும் மாளிகைகளும் நிறைந்த ஊர் என்று அதை வருணிக்கிறார்.

2) கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் 'பட்டினத்துறைப் பல்லவனீச்சரம்' என்று பாடுகிறார். 'துறை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

3) அதன் பிறகுதான் பட்டினத்தார். அந்தப் பெயரில் இருவர் இருந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பதினோராம் திருமுறையில் பாடல் உள்ளவர் முந்தையவர். அவரைப் பற்றிய கதைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கடல் வணிகம் செய்த பெருஞ்செல்வர் என்று ஒருவரைச் சொல்லும்போது மக்கள் அவருக்குக் கொடுத்த ஊர் காவிரிப்பூம்பட்டினம். முழுக்க மறைந்துபோன ஊராக அது யார் நினைவிலும் இல்லை.

ஆக, புகார் செத்த நாள் என்று ஒன்று கிடையாது. கடலோரப் பகுதி படிப்படியாகப் போயிற்று, ஆற்றுத்துறை தூர்ந்தது, வணிகம் பிற துறைமுகங்களுக்கு நகர்ந்தது, மிஞ்சியது சிற்றூராகச் சுருங்கியது. காப்பியம் இந்த நூற்றாண்டுகளை ஒரு சாபத்தில் அடக்கிவிட்டது.

6. கிணறும் படகுத்துறையும்

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. கண்டவற்றுள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கீழையூரில் செங்கல் கட்டுமானம் ஒன்று வெளிப்பட்டது. அதை ஒட்டி மரத்தூண்கள் ஊன்றப்பட்டிருந்தன. படகு கட்டும் துறை என்று அதை விளக்கினார்கள். மரத்தைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. அந்தத் துறை இன்று கரையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அருகே படகு மிதக்கும் ஆறு இல்லை.

வானகிரி, பூம்புகார் கடற்கரையில் அலையேறி இறங்கும் பகுதியில் உறைகிணறுகள் தென்பட்டிருக்கின்றன. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கும் கிணறு அது. மணல்பாங்கான நிலத்தில் பக்கம் சரியாமல் நல்ல தண்ணீர் எடுப்பதற்கு ஏற்ற வழி. யாரும் உப்பு நீருக்குள் குடிநீர்க் கிணறு தோண்ட மாட்டார்கள். அந்த வளையங்களை இறக்கிய நாளில் கடல் தள்ளி இருந்திருக்கிறது. கிணற்றைச் சுற்றி வீடுகள் இருந்திருக்கின்றன.

கிணறு கடலுக்குள் போயிற்று, படகுத்துறை கரைக்குள் போயிற்று. ஒரே பேரலை இரண்டையும் செய்ய முடியாது. ஒரு பக்கம் அரிப்பு, இன்னொரு பக்கம் தூர்வு. கழிமுகத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இவை தவிர வானகிரியில் ஆற்று நீரைத் திருப்பும் செங்கல் நீர்த்தேக்க அமைப்பு, பல்லவனேச்சரம் அருகே பௌத்த விகாரையின் அடித்தளம், புத்தபாதம், சோழர் சதுரச் செப்புக்காசுகள் என்று பட்டியல் உண்டு. விரிக்க இடமில்லை.

7. 23 மீட்டரும் 15,000 ஆண்டும்

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் மாநிலத் தொல்லியல் துறையும் 1980-களிலும் 90-களிலும் இந்தக் கடலில் தேடின. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் கட்டுமானக் கற்களும் மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. இது கடலரிப்பு விளக்கத்தோடு பொருந்துகிறது. மேலும் தள்ளி, சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவத்தில் ஒன்று தென்பட்டது. சிக்கல் அதில்தான் தொடங்கியது.

23 மீட்டர் ஆழம் கடைசியாக நிலமாக இருந்த காலம் ஏறக்குறைய 9,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முன். ஆகவே அங்கே இருப்பது கட்டடம் என்றால் உலக வரலாற்றையே திருத்த வேண்டும் என்று 2000-களின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் பரப்பினார். அண்மையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத் தொலையுணர்வு ஆய்வாளர்கள் கடல்தரையின் ஆழவரைபடத் தரவுகளைக் கொண்டு, இன்னும் தொலைவில் 15,000 ஆண்டு பழைய துறைமுகத்தின் வடிவங்கள் தெரிவதாகச் சொன்னார்கள். இரண்டிலும் வாதத்தின் நடை ஒன்றே: ஆழத்திலிருந்து வயது, வடிவத்திலிருந்து கட்டடம்.

முதல் படி சரியாக இருக்கலாம். இரண்டாவது படி தாண்டவே முடியாதது. பழைய ஆற்றுப் பள்ளங்கள், மணல்மேடுகள், இறுகிய கடற்கரைப் பாறைகள் எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் நேர்கோடாகவும் வளைவாகவும் தெரியும். ஒரு செங்கல், ஒரு பானை ஓடு, உளி பட்ட ஒரு கல் கைக்கு வந்து, அதன் காலமும் தனியாகக் கணிக்கப்பட்டால் ஒழிய, வடிவம் வடிவமாக மட்டுமே நிற்கும். கடலடியில் கிடப்பதெல்லாம் ஒரே காலத்தது என்றும் எண்ண வேண்டாம். இதே பூம்புகார் கடலில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து ஈயக் கட்டிகள் எடுக்கப்பட்டன. அவை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்க்கப்பட்டவை.

எனவே இனி வரும் ஆழ்கடல் ஆய்வுச் செய்திகளில் தலைப்பைத் தாண்டி மூன்றைத் தேடலாம். எந்த ஆழத்தில்? கைக்கு வந்த பொருள் என்ன? காலம் அந்தப் பொருளில் கணிக்கப்பட்டதா, ஆழத்திலிருந்து ஊகிக்கப்பட்டதா? மூன்றாவதற்கு விடை இல்லை என்றால் செய்தியை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

8. நேரில் போகிறவர்களுக்கு

திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறி எழும்பூர் சென்றால், சீர்காழிக்கோ மயிலாடுதுறைக்கோ ரயில் பிடிக்கலாம். அரசு பஸ் என்றால் கிளாம்பாக்கம். சீர்காழியிலிருந்து பூம்புகார் சுமார் 20 கிலோமீட்டர். சித்திரை முழுநிலவுக்கும் ஆடி, தை அமாவாசைகளுக்கும் சங்கமத்தில் கூட்டம் நெரியும்; இடிபாடுகளைப் பார்க்க வருபவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

ஹம்பியைப் போல ஒரு காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கடற்கரையில் கம்பீரமாக நிற்கும் ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் திறக்கப்பட்டது. அதைச் சோழர் மாளிகை என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலில் ஆழ்கடல் அகழ்வைப்பகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கீழையூர்ப் படகுத்துறை, பல்லவனேச்சரம் விகாரை, கடைசியாக வானகிரிக் கரை என்று போவது நல்ல வரிசை. கடலைக் கடைசியில் பார்த்தால் அது எதை எடுத்தது என்பது தெரிந்தே பார்ப்பீர்கள்.

வானகிரி மணலில் கறுப்பும் சிவப்புமாக ஓட்டுத் துண்டு ஏதேனும் கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிடந்த இடத்தை விட்டு அகன்றதும் அது வெறும் உடைந்த சட்டி. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அகழ்வைப்பகத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.